8 இருந்தது 6 ஆச்சு, இது தேவலைன்னு அர்த்தமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல வாய் வறட்சி பத்தினதுதான் நிறைய, அதுலயும் ஷோக்ரன்ஸ் (எச்சி, கண்ணீர் சுரப்பிய கெடுத்து வாயையும் கண்ணையும் காய வைக்கறது), ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் (மூட்டுங்கள தாக்கறது)னு ஆட்டோஇம்யூன் நோய், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்கற நோய் இருக்கறவங்க எழுதினதுதான் அதிகம், அதனால மத்த பல்லு சமாச்சாரத்தையெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். முதல் கேள்விக்கு பதில் ரொம்ப நீளமா போயிருச்சு. அந்தம்மா கேட்டது அவ்வளவு முக்கியமான விஷயம், சுருக்க மனசு வரல.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயசு 53. ஷோக்ரன்ஸ்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. சித்திரை கடைசில பைலோகார்பின் மாத்திரை எழுதி குடுத்தாங்க. அப்ப வாய் வறட்சி 10க்கு எத்தனைன்னு டாக்டர் கேட்டாரு, 8னு சொன்னேன். ஆடில போனப்ப 6னு சொன்னேன். எச்சியும் அளந்து பாத்தாங்க, முன்னாடி 15 நிமிஷத்துக்கு 0.75 மில்லி இருந்தது இப்ப 1.2 மில்லி. இன்னும் நார்மலுக்கு வரல, பெருசா மாற்றமில்லன்னு சொல்லிட்டாரு. ஆனா நான் இப்ப சொம்புத் தண்ணி பக்கத்துல இல்லாமலே இட்லி சாப்பிடறேன், ராத்திரி நாலு தடவ எந்திரிச்சவ இப்ப ஒரு தடவதான் எந்திரிக்கிறேன். மாத்திரைக்கு செலவாகுது, நிறுத்திரலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு. எனக்கு தேவலைன்னு எடுத்துக்கலாமா, கூடாதா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: எடுத்துக்கலாம்மா. உங்க டாக்டர் ஏன் அப்படி சொன்னாருங்கறதையும் சொல்லிர்றேன், அவர் சொன்னதும் தப்பில்ல, அவர் பாத்த அளவு வேற, நீங்க பாத்த அளவு வேற. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல மல்லி கிலோ கணக்கு, கோயில் வாசல்ல அதே மல்லி முழக் கணக்கு, அந்த மாதிரிதான் இதுவும்.

முதல்ல எச்சி அளவ பாப்போம். எதையும் மெல்லாம, பேசாம, தலைய லேசா குனிஞ்சு உக்காந்து, வாய்ல தானா ஊர்றத கப்புல வடிய விடறது, அதுதான் உங்களுக்கு எடுத்த டெஸ்ட். நல்லா இருக்கற ஆளுக்கு நிமிஷத்துக்கு 0.3, 0.4 மில்லி ஊறும். 15 நிமிஷத்துல 1.5 மில்லி, அதாவது நிமிஷத்துக்கு 0.1 மில்லி, அந்த அளவோ அதுக்கு கீழயோ இருந்தா குறைவுன்னு 2016ல அமெரிக்க ருமட்டாலஜி காலேஜும் ஐரோப்பிய அமைப்பும் சேந்து வெளியிட்ட வரையறையில இருக்கு. உங்களது நிமிஷத்துக்கு 0.05ல இருந்து 0.08க்கு வந்திருக்கு, அந்த கோட்ட தாண்டல, வாஸ்தவம்தான். ஆனா அந்த கோடு எதுக்கு போட்டதுன்னு பாக்கணும். இவங்களுக்கு இருக்கறது ஷோக்ரன்ஸா இல்லையான்னு வகை பிரிக்கறதுக்கு போட்டது, அதுலயே இந்த டெஸ்ட்டுக்கு 1 மார்க்குதான், உதட்டுல துளி சதை எடுத்து பாக்கற பயாப்சிக்கும் ரத்தத்துல வர்ற ஆன்ட்டி-ரோ ஆன்டிபாடிக்கும் தலா 3 மார்க், கண்ணுல பண்ற ரெண்டு டெஸ்ட்டுக்கு ஒவ்வொரு மார்க், மொத்தத்துல 4 தேறுனா ஷோக்ரன்ஸ்னு கணக்கு. மருந்து வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு அந்த கோட்ட தாண்டியே ஆகணும்னு எந்த விதியும் இல்ல. அதே சமயம் 0.75ல இருந்து 1.2ங்கறது கேக்க அறுபது சதவீதம் கூடின மாதிரி இருந்தாலும் எச்சி அளவு நாளுக்கு நாள் மாறும், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, முன்னாடி தண்ணி குடிச்சீங்களா, பல்லு வெளக்கி எவ்வளவு நேரமாச்சு எல்லாத்துக்கும் மாறும், அதனால இந்த ஒரு நம்பர வச்சு கொண்டாடவும் வேணாம், ஒண்ணுமில்லன்னு ஒதுக்கவும் வேணாம். அடுத்த தடவை எடுக்கும்போது போன தடவை எடுத்த அதே நேரத்துல, ஒண்ணரை மணி நேரமாவது எதுவும் சாப்பிடாம குடிக்காம போங்க, அப்பதான் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்க முடியும்.

இப்ப 8, 6 விஷயம். இங்கதான் சுவாரஸ்யம் இருக்கு. ஷோக்ரன்ஸ்காரங்களோட கஷ்டத்த அளக்க எஸ்ப்ரினு ஒரு கேள்வித்தாள் உலகம் பூரா உபயோகிக்கறாங்க, 2011ல வந்தது, மூணே கேள்விதான், கடந்த ரெண்டு வாரத்துல வறட்சி எவ்வளவு, அசதி எவ்வளவு, கை கால் வலி எவ்வளவு, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 10 வரை, மூணையும் கூட்டி மூணால வகுத்தா உங்க ஸ்கோர். இதுல குறைஞ்சது 1 புள்ளி, இல்லன்னா 15 சதவீதம் குறைஞ்சாத்தான் அது நோயாளிக்கு அர்த்தமுள்ள முன்னேற்றம்னு பின்னாடி ஆராய்ஞ்சு சொன்னாங்க. உங்க அசதி எத்தனை, வலி எத்தனைன்னு எழுதல, சும்மா ஒரு கணக்குக்கு அசதி 6, வலி 4னு வைங்க. முன்னாடி 8, 6, 4, சராசரி 6. இப்ப வறட்சி மட்டும் 6 ஆகி மத்தது அப்படியே இருந்தா சராசரி 5.3. குறைஞ்சது 0.7 கூட முழுசா இல்ல, 1 புள்ளியும் எட்டல, 15 சதவீதமும் எட்டல. பைலோகார்பின் எச்சி சுரப்பிய தூண்டற மருந்து, அசதிக்கும் மூட்டு வலிக்கும் அது எதுவும் பண்ணாது, அப்ப அதோட வேலைய மூணு விஷயத்தோட சராசரில போட்டு தேடினா கரைஞ்சுதான் போகும். இதுல இன்னொண்ணு, அந்த வறட்சிக் கேள்வி வாய்க்கு மட்டும் உள்ளது இல்ல, கண்ணு, தோலு, மூக்கு, பெண்களுக்கு பிறப்புறுப்பு எல்லா வறட்சியையும் சேத்து ஒரே நம்பர்ல கேக்கறது. வாய் நல்லாகி கண்ணு எரிஞ்சுக்கிட்டே இருந்தா நம்பர் நகராது. ஆக உங்கள மாதிரி ஒருத்தர் எஸ்ப்ரி கணக்குல முன்னேறல, பெரிய மருந்து ஆராய்ச்சில வைக்கற 30 சதவீத கணக்குலயும் முன்னேறல, 8ல 2 குறைஞ்சா 25 சதவீதம்தான, ஆனா இட்லி தண்ணியில்லாம இறங்குது. எனக்கு இதுல எத நம்பறதுன்னு கேட்டா வாய்க்கு குடுத்த மருந்த வாய வச்சுத்தான் பாக்கணும்.

ஆனா முழுசா மருந்தாலதான்னு இப்பவே அடிச்சு சொல்லாதீங்க, அதுக்கும் காரணம் இருக்கு. நீங்க 8 சொன்னது அக்கினி நட்சத்திர நேரம், மதுரை சீமையில அந்த மாசம் நோய் இல்லாதவங்களுக்கே நாக்கு ஒட்டும். பொதுவா மனுஷங்க டாக்டர்கிட்ட போறதும் புது மருந்து ஆரம்பிக்கறதும் ரொம்ப முடியாத நேரத்துலதான், அதுக்கப்புறம் கொஞ்சம் இறங்கறது இயல்பாவே நடக்கும். அப்பறம் மாத்திரை முழுங்கறோம்ங்கற நம்பிக்கையே ஒரு அளவுக்கு வேலை செய்யும், இத லேசா நினைக்காதீங்க. 1999ல வந்த பைலோகார்பின் ஆராய்ச்சில 373 பேர 12 வாரம் பாத்தாங்க, 5 மில்லிகிராம் நாலு வேளை சாப்பிட்டவங்கள்ல 61 சதவீதம் பேர் வாய் வறட்சி தேவலைன்னாங்க, மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்லயும் 31 சதவீதம் பேர் தேவலைன்னாங்க. மருந்துக்கு பலன் நிச்சயமா இருக்கு, அதோட தேவலைன்னு சொன்ன எல்லாருக்கும் மருந்துதான் காரணம்னும் சொல்ல முடியல.

அதனால ஒரு சின்ன நோட்டு போடுங்க. ஞாயித்துக்கிழமை காலைல, மாத்திரை போடறதுக்கு முன்னாடி எழுதுங்க, ஏன்னா இந்த மாத்திரை முழுங்கி அரைமணிக்குள்ள வேலைய ஆரம்பிச்சு மூணு மணி நேரத்துல இருந்து அஞ்சு மணி நேரம் வரைதான் நிக்கும், போட்டு ஒரு மணி நேரத்துல கேட்டா 4ம்பீங்க, விடியக்காலைல கேட்டா 8ம்பீங்க. வாய் வறட்சிக்குன்னு மட்டும் ஒரு நம்பர், கண்ணுக்கு தனியா ஒரு நம்பர். போன வாரம் என்ன போட்டோம்னு திருப்பி பாக்காம எழுதுங்க. நம்பருக்கு கீழ மூணு விஷயம், ராத்திரி எத்தனை தடவ எந்திரிச்சீங்க, காஞ்ச பலகாரம் தண்ணியில்லாம இறங்குச்சா, போன்ல பேசும்போது நாக்கு ஒட்டுச்சா. இந்த மூணையும் நீங்களே மாத்திக்கலாம், வாத்தியாரா இருந்தா கிளாஸ்ல ஒரு பீரியடு பேச முடிஞ்சுச்சான்னு எழுதலாம், உங்க வாழ்க்கைல எது கஷ்டமோ அது. நாலு தடவ எந்திரிச்சது ஒரு தடவ ஆச்சுங்கறத எந்த டாக்டர்கிட்ட சொன்னாலும் காது குடுத்து கேப்பாங்க, 8 ஆறாச்சுன்னு மட்டும் சொன்னா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு அடுத்த ஆள கூப்பிடுவாங்க.

வீட்டுக்காரருக்கு ஒரு பதில். சந்தேகமாவே இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்டு, அவர் சரின்னா ஒரு ரெண்டு வாரம் மாத்திரைய நிறுத்தி நோட்ட மட்டும் தொடர்ந்து எழுதிட்டு, திரும்ப ஆரம்பிச்சு பாருங்க. உடம்புல ரொம்ப நேரம் தங்காத மருந்துங்கறதால நிறுத்தினா தெரிஞ்சிரும். நிறுத்தினதும் பழையபடி சொம்பு பக்கத்துல வந்துருச்சுன்னா அப்பறம் செலவ பத்தி அவரே பேச மாட்டாரு. இத படிக்கற மத்தவங்களுக்கு, ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, குறுங்கோண கிளாக்கோமாங்கற கண் அழுத்த நோய் இருக்கறவங்க இந்த மாத்திரை பக்கமே போகக்கூடாது, பக்கத்து வீட்டம்மாவுக்கு கேட்டுச்சுன்னு வாங்கி போட்றாதீங்க. வேர்வை கொட்டும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், அதையும் நோட்டுல எழுதுங்க. வாய் நல்லாகி நாள் பூரா சேல நனைஞ்சா அதுவும் கணக்குல வரணும்ல.

கேள்வி: எங்கம்மாவுக்கு 15 வருஷமா ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். இப்ப ஒரு வருஷமா வாய் காயுது, சோறு விக்குதுன்னு சொல்லிட்டே இருக்காங்க. எச்சி டெஸ்ட் எடுத்தா நிமிஷத்துக்கு 0.3 மில்லி, நார்மல்னு ரிப்போர்ட். எல்லாம் மனசுதான்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அம்மா சும்மா சொல்றாங்களா?
– மகன், மேலூர்

பதில்: தம்பி, அம்மா சும்மா சொல்லல. வாய் காயிற உணர்வும் எச்சி குறையறதும் ரெண்டு தனித்தனி விஷயம், ரெண்டும் எல்லா நேரமும் கை கோத்துக்கிட்டு வராது. எச்சி ரொம்ப குறைஞ்சும் ஒண்ணும் சொல்லாதவங்க இருக்காங்க, அளவு சரியா இருந்தும் தவிக்கறவங்க இருக்காங்க. டாவ்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1987லயே காட்டினது என்னன்னா, ஒருத்தருக்கு வழக்கமா ஊர்றதுல ஏறக்குறைய பாதி குறையும்போதுதான் வாய் காயிற மாதிரி தெரிய ஆரம்பிக்கும். இத உங்கம்மாவுக்கு பொருத்தி பாருங்க, அவங்களுக்கு நல்லா இருந்த காலத்துல 0.6 ஊறியிருந்தா இப்ப 0.3ங்கறது சரி பாதி, லேப்புக்கு அது நார்மல், அம்மாவுக்கு அது வறட்சி. நல்லா இருந்தப்ப யாரும் எச்சிய அளந்து வைக்கறதில்லையே, அதான் பிரச்சனை.

எச்சியோட தன்மையும் இருக்கு. வழவழப்ப குடுக்கற மியூசின் குறைஞ்சு தண்ணி மாதிரி ஆனாலோ, மேலண்ணத்துல இருக்கற குட்டி குட்டி சுரப்பிங்க காஞ்சாலோ அளவு டெஸ்ட்டுல தெரியாது.

அப்பறம் அம்மாவோட மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளி போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. தூக்கத்துக்கும் வலிக்கும் குடுக்கற அமிட்ரிப்டிலின், சளி அரிப்புக்கு போடற செட்டிரிசின், அவில், சிறுநீர் அடக்க முடியாததுக்கு குடுக்கற மாத்திரை, இதெல்லாம் வாய காய வைக்கும். சுகரும் பாத்துருங்க. ருமட்டாய்ட் இருக்கறவங்களுக்கு ஷோக்ரன்ஸ் சேந்து வர்றதும் சகஜம்தான், கண்ணு உறுத்துதான்னு கேளுங்க, கண் டாக்டர்கிட்ட போனா இமைக்குள்ள பேப்பர் பட்டைய வச்சு அஞ்சு நிமிஷம் பாப்பாங்க, 5 மில்லிமீட்டர் அளவோ அதுக்கு குறைவாவோ நனைஞ்சா கண்ணீர் கம்மின்னு அர்த்தம்.

இந்த நோய்க்காரங்க வலிய வெளிய சொல்றதே கம்மி. நம்ம மதுரைல அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய 1976ல ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி ஐயாவுக்கு இளவயசுலயே இதே ருமட்டாய்ட் வந்து விரலெல்லாம் வளைஞ்சு போச்சு, அந்த விரலாலயே கத்தி பிடிக்க பழகி லட்சத்துக்கும் மேல கண்ணு ஆபரேஷன் பண்ணினாரு. அவர பாத்த யாரும் அவரு வலி மனசுலதான்னு சொல்லியிருக்க மாட்டாங்க. உங்கம்மா வாய் காயுதுன்னு சொன்னா அதையும் நம்புங்க தம்பி, சொந்தக்காரங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.

கேள்வி: மேம், நான் மதுரைல பார்மசி படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு ஷோக்ரன்ஸ் நோயாளிகளோட வாய் வறட்சி எடுத்திருக்கேன். எவ்வளவு குறைஞ்சா முன்னேற்றம்னு தேடினா ஒரு பேப்பர்ல 1 புள்ளி, ஒண்ணுல 15 சதவீதம், இன்னொண்ணுல 30 சதவீதம், வேற ஒண்ணுல ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல பாதின்னு இருக்கு. இதுல எதுதான் சரி? எப்படி கண்டுபிடிக்கறாங்க?
– மாணவி, மதுரை

பதில்: நல்ல கேள்விம்மா. இந்த யோசனை பெருசா பரவினது 1989ல, கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில கயாட் குழுவினர் எழுதின கட்டுரைல இருந்து. நோயாளி தனக்கு நல்லதுன்னு உணர்ற மிகச் சின்ன மாற்றம், அதுதான் அளவுகோல்னாங்க. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் புள்ளியியல்ல வித்தியாசம் வந்தாலே மருந்து ஜெயிச்சதுன்னு எழுதிட்டு போயிருவாங்க, ஆயிரம் பேர சேத்தா 0.3 புள்ளி வித்தியாசம் கூட கணக்குல ஜெயிச்சிரும், ஆனா 0.3 புள்ளி குறைஞ்சா எந்த மனுஷிக்கு சோறு இறங்கும்?

கண்டுபிடிக்க ரெண்டு வழி. ஒண்ணு, நோயாளிகிட்டயே கேக்கறது. சிகிச்சைக்கு முன்ன ஒரு நம்பர், பின்ன ஒரு நம்பர் வாங்கிட்டு தனியா ஒரு கேள்வி, மொத்தத்துல பாத்தா முன்னவிட எப்படி இருக்கீங்க, ரொம்ப தேவலை, கொஞ்சம் தேவலை, அப்படியே இருக்கு, மோசம். இதுல கொஞ்சம் தேவலைன்னு சொன்னவங்களுக்கு சராசரியா எத்தனை புள்ளி குறைஞ்சிருக்குன்னு பாத்தா அது அளவுகோல். எஸ்ப்ரியோட 1 புள்ளி, 15 சதவீதம் நோயாளி கண்ணுல இருந்து வந்ததுதான். ரெண்டாவது வழி, நோயாளிய கேக்காம கணக்கு மட்டும், ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல, அதாவது நம்பருங்க சராசரில இருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவுல, பாதி எடுக்கறது அந்த வகை. அது எவ்வளவு மாறினா அளவுக் கோளாற தாண்டின மாற்றம்னு யோசிக்க உதவும், நோயாளிக்கு அது முக்கியமா இல்லையான்னு சொல்லவே சொல்லாது. 30 சதவீதம்ங்கறது பெரும்பாலும் ஆராய்ச்சி ஆரம்பிக்கறப்பவே இவ்வளவு வந்தாத்தான் ஜெயிச்சதுன்னு தாங்களே வச்சுக்கற கறாரான கோடு. என்னய கேட்டா முதல் வழிதான் அடிப்படையா இருக்கணும், ரெண்டாவது பக்கத்துணையா இருக்கலாம்.

முதல் வழிலயும் ஓட்டை இருக்கு, கவனமா இரு. மூணு மாசத்துக்கு முன்ன எப்படி இருந்தோம்னு யாருக்கும் சரியா ஞாபகம் இருக்காது, இன்னைக்கு வாய் நல்லா இருந்தா எல்லாமே தேவலைன்னு சொல்லிருவாங்க, இன்னைக்கு காஞ்சா மருந்தே வேஸ்ட்டும்பாங்க. அப்பறம் ஆரம்பம் எங்கங்கறது முக்கியம், 9ல இருக்கறவங்களுக்கு 1 குறைஞ்சா தெரியவே தெரியாது, 4ல இருக்கறவங்களுக்கு அதே 1 பெருசு. அதுக்குத்தான் எவ்வளவு குறைஞ்சதுங்கறதோட இப்ப எங்க நிக்கறாங்கன்னும் பாக்கணும், எஸ்ப்ரில 5க்கு கீழ வந்தா நோயாளி ஏத்துக்கற நிலைன்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்கும் உன் டேபிள்ல தனியா ஒரு கட்டம் போட்டுக்க. முக்கியமா இந்த அளவுகோல் எல்லாமே கூட்டத்தோட சராசரில இருந்து வந்தது, 0.9 குறைஞ்ச ஒரு ஆள பாத்து உனக்கு ஒண்ணுமே ஆகலன்னு சொல்றதுக்கு இத எடுக்கக்கூடாது.

நம்ம ஊரு ஓபில நீ கேள்வி கேக்கப் போறப்ப நடக்கறத சொல்றேன். பாதி வயசானவங்க 10னா பரீட்சை மார்க்கு மாதிரி நல்லதுன்னு நினைப்பாங்க, முதல் தடவ 2ம்பாங்க, நல்லானதும் 8ம்பாங்க, உன் கணக்கு தலைகீழா போயிரும். ஆரம்பத்துலயே 0னா கஷ்டமே இல்ல, 10னா தாங்க முடியாத கஷ்டம்னு சொல்லி, திருப்பி அவங்க வாயாலயே சொல்ல வச்சு புரிஞ்சுச்சான்னு பாத்துட்டு கேளு. எழுத படிக்க தெரியாதவங்களுக்கு படிச்சு காட்டறதா இருந்தா முன்னயும் பின்னயும் ஒரே ஆள் படிக்கணும், மருமகள கூட வச்சுக்கிட்டு கேட்டா ஒரு பதில், தனியா கேட்டா ஒரு பதில் வரும். மருந்து மாத்தாத, நிலைமை மாறாத கொஞ்ச பேர்கிட்ட ரெண்டு வாரம் கழிச்சு அதே கேள்விய திரும்ப கேளு, எதுவும் மாறாதப்பவே நம்பர் எவ்வளவு ஆடுதுன்னு அப்பத்தான் உனக்கு தெரியும், அந்த ஆட்டத்துக்குள்ள இருக்கற எதையும் முன்னேற்றம்னு எழுதாத. முன்ன கேட்டது கோடை, பின்ன கேட்டது ஐப்பசி மழைன்னா அதையும் ரிப்போர்ட்ல எழுதிரு.

கேள்வி: எனக்கு ஷோக்ரன்ஸ், அஞ்சு மாசமா ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடறேன். வாய் வறட்சி இம்மி குறையல. மருந்து வேலை செய்யலன்னு நிறுத்திரவா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நீங்களா நிறுத்தாதீங்க. இது உங்களுக்கு எதுக்கு எழுதினதுன்னு முதல்ல கேளுங்க, மூட்டு வலி, தோல் படைன்னு இருந்தா அதுக்குத்தான் பெரும்பாலும் குடுப்பாங்க. வறட்சிக்குன்னா எதிர்பார்ப்ப குறைச்சுக்கங்க. பிரான்ஸ்ல 120 பேர வச்சு நடத்தின ஆராய்ச்சி 2014ல வந்துச்சு, தினம் 400 மில்லிகிராம் 24 வாரம் குடுத்து பாத்தாங்க, வறட்சி, வலி, அசதி மூணுல ரெண்டாவது 30 சதவீதம் குறையணும்னு கோடு வச்சாங்க. மருந்து சாப்பிட்டவங்கள்ல சுமார் 18 சதவீதம் பேர், வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 17 சதவீதம் பேர் அந்த கோட்ட தொட்டாங்க. ஏறக்குறைய ரெண்டும் ஒண்ணுதான். அதனால உங்க வாய் நல்லாகலங்கறது உங்க உடம்போட குத்தம் இல்ல, நீங்க சரியா சாப்பிடலன்னும் இல்ல. அடுத்த தடவை போறப்ப மூட்டுக்கு எப்படி இருக்கு, வாய்க்கு எப்படி இருக்குன்னு தனித்தனியா சொல்லி வாய்க்கு வேற வழி கேளுங்க. இந்த மாத்திரை ரொம்ப நாள் போனா சிலருக்கு விழித்திரைய பாதிக்கலாம், அதனால தொடர்றதா இருந்தா ஆரம்பத்துலயே ஒரு தடவை விழித்திரை பாத்து வச்சுக்கணும், அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் பாக்கணும்.

கேள்வி: சாப்பிட்டதும் வெத்தல போட்டா வாய் நல்லா ஊறுது, வறட்சிக்கு நல்லதுதான?
– பெரியவர், சோழவந்தான்

பதில்: ஐயா, உங்க ஊரு வெத்தலைக்கு புவிசார் குறியீடே வாங்கியிருக்காங்க, வெத்தல மேல எனக்கு கோவமில்ல. பாக்குதான் ஆகாது, புகையிலை சுத்தமா ஆகாது. பாக்கு தொடர்ந்து போட்டா உள் கன்னம் இறுகி வாய் திறக்கறதே கஷ்டமாகும், காரம் பட்டா எரியும், கேன்சர் வரைக்கும் போகலாம். மென்னா எச்சி ஊறும்ங்கறது உண்மை, அதுக்கு சக்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம் மெல்லுங்க. புளிப்பு மிட்டாய், ஜிகர்தண்டான்னு அடிக்கடி வாய நனைக்காதீங்க, எச்சி கம்மியா இருக்கற வாய்ல சக்கரை தங்கினா பல்லு வேரோரமா சீக்கிரம் சொத்தையாகும். ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட்டுல வெளக்கிட்டு துப்பினதோட விட்ருங்க, தண்ணி ஊத்தி கொப்புளிக்க வேணாம்.

கேள்வி: எங்க அத்தைக்கு ஷோக்ரன்ஸ். இப்ப வறட்சி 7ல இருந்து 4க்கு வந்துருச்சுன்னு சந்தோஷமா இருக்காங்க. ஆனா காதுக்கு கீழ ஒரு பக்கம் மட்டும் ரெண்டு மாசமா வீங்கியே இருக்கு, வலி இல்ல. நல்லாத்தான இருக்கேன்னு ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறாங்க.
– மருமகள், அலங்காநல்லூர்

பதில்: இந்த வாரமே கூட்டிட்டு போங்கம்மா. வறட்சி நம்பர் குறைஞ்சதுக்கும் இந்த வீக்கத்துக்கும் சம்பந்தமில்ல, ஒண்ணு நல்லா இருக்குன்னு இன்னொண்ண விடக்கூடாது. ஷோக்ரன்ஸ் இருக்கறவங்களுக்கு நிணநீர் புற்றுநோய், அதாவது லிம்போமா, மத்தவங்கள விட அதிகமா வர வாய்ப்பிருக்கு, காதுக்கு கீழ இருக்கற பரோட்டிட் சுரப்பி வீங்கி இறங்காமலே நிக்கறது அதுக்கு ஒரு முக்கியமான அறிகுறி. நிறைய பேருக்கு சாதாரண வீக்கமாவும் இருக்கும், சுரப்பில கல்லோ கிருமியோ இருக்கலாம், அதனால பயமுறுத்தி கூட்டிட்டு போக வேணாம். ஆனா ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டா ஊசியால துளி உறிஞ்சி எடுத்தோ சின்னதா வெட்டி எடுத்தோ பாத்தாத்தான் தெரியும். எடை குறையுதா, ராத்திரி வேர்த்து நனையுதா, விட்டு விட்டு காய்ச்சல் வருதா, கழுத்துல அக்குள்ல கட்டி தட்டுப்படுதான்னு பாத்து எழுதிக்கிட்டு போங்க, ருமட்டாலஜி டாக்டர்கிட்ட போய் உக்காந்ததும் வறட்சி பத்தி பேசறதுக்கு முன்னாடி வீக்கத்த காட்டுங்க.